விசரா (பிரேத உறுப்புச் சோதனை) ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்றால் உடம்பில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமா? நைட்டசீன்கள் பற்றி ஒரு விவாதம்

மருந்துக்கடை_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். பி.ஃபார்ம் முடித்துவிட்டு மருந்துக்கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். தடய அறிவியல் நான் படித்த துறை இல்லை, ஆர்வம் மட்டும்தான். 2023 நவம்பரில் டப்ளினிலும் அடுத்த மாதமே கார்க் நகரத்திலும் ஹெராயின் என்று நம்பி வாங்கிய பொடியால் டஜன் கணக்கில் ஆட்கள் மூச்சு நின்று விழுந்தார்களே, அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்த்தால் அது ஹெராயின் இல்லை, புரோட்டோனைட்டசெபைன் என்ற நைட்டசீன், அதாவது ஒரு வகை செயற்கை ஓபியாய்டு. என் சந்தேகம் இதுதான். ஓபியேட் கிட்டில் சிறுநீரை விட்டால் இது ஏன் காட்டுவதில்லை? மார்பின் போய் உட்காரும் அதே ரிசப்டரில்தானே இதுவும் உட்காருகிறது? ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் போட்டால் ஆள் எழுந்துகொள்கிறான், கிட்டுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அப்புறம், கல்லீரல் இதை என்னவாக மாற்றுகிறது, லேபில் எதைத் தேடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சுருக்காமல் எழுதுங்கள், நேரம் இருக்கிறது.

எல்சி_ராணி:

கார்த்தி தம்பி, நான் ஐரோப்பாவில் ஒரு டாக்ஸிகாலஜி லேபில் இருக்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம்.

ரிசப்டருக்கும் கிட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கிட்டுக்குள் இருப்பது ஆன்டிபாடி. மார்பினைக் காட்டி உருவாக்கிய ஆன்டிபாடி, மார்பினையும் அதன் ஜாடை உள்ள கோடீன் மாதிரியான ஆட்களையும்தான் பிடிக்கும். ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டுக்கு அந்த ஜாடை இல்லாததால்தான் அதற்குத் தனி கிட் செய்ய வேண்டி வந்தது. நைட்டசீனுக்கு மார்பின் ஜாடையும் இல்லை, ஃபென்டனில் ஜாடையும் இல்லை, பென்சிமிடசோல் வளையத்தின் மேல் கட்டிய வேறு குடும்பம் அது. இப்போது நைட்டசீனுக்கென்றே பட்டைகள் வந்துவிட்டன, ஆனால் அதிலும் நைட்ரோ குழு இல்லாத உறவுகளான டெஸ்நைட்டசீன்கள் பெரும்பாலும் நழுவிவிடுகின்றன.

புதுசு என்று சொல்கிறோமே தவிர, இவை 1950களின் கடைசியில் பாசல் நகரத்து சிபா கம்பெனி வலி மருந்துக்காகத் தயாரித்தவை. எட்டோனைட்டசீன் எலிகளில் மார்பினை விட ஆயிரம் மடங்கு அளவுக்கு வீரியம் காட்டியது. மூச்சை அடக்கும் ஆபத்தும் கூடவே இருந்ததால் இந்தக் குடும்பத்தில் ஒன்றுகூட மருந்தாகக் கடைக்கு வரவில்லை. அறுபது வருஷம் பழைய கட்டுரைகளுக்குள் கிடந்தது. 2019 மே 1 முதல் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது, அதே வருஷம் ஐசோடோனைட்டசீன் சந்தையில் தலைகாட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆப்கானிஸ்தானில் 2022-இல் கசகசாச் சாகுபடிக்குத் தடை வந்த பிறகு ஐரோப்பாவில் பயம் இன்னும் கூடியது. 2023-இல் எஸ்டோனியாவில் போதைமருந்தால் ஏற்பட்ட மரணங்களில் 48 சதவீதத்தில் நைட்டசீன் இருந்தது. சின்ன நாடுதான், ஆனாலும் பாதி என்றால் யோசித்துப் பாருங்கள்.

சரி, கல்லீரல் விஷயத்துக்கு வருகிறேன். ஐசோடோனைட்டசீனை எடுத்துக்கொண்டால் உடம்பு அதை மூன்று இடத்தில் கடிக்கிறது. ஒரு முனையில் நைட்ரஜனில் இரண்டு எத்தில் குழுக்கள் தொங்குகின்றன, அதில் ஒன்றை வெட்டினால் என்-டெஸ்எத்தில் ஐசோடோனைட்டசீன். மறு முனையில் ஆக்ஸிஜனில் ஒட்டிய ஐசோபுரொபைல் வாலை வெட்டினால் 4'-ஹைட்ராக்ஸி நைட்டசீன். நடு வளையத்தில் உள்ள நைட்ரோ குழுவை ஒடுக்கினால் 5-அமினோ ஐசோடோனைட்டசீன். இரண்டு வெட்டு சேர்ந்து விழுந்ததும் உண்டு, சிறுநீரில் அதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும். 4'-ஹைட்ராக்ஸி நைட்டசீனை மட்டும் பார்த்துவிட்டு என்ன மருந்து எடுத்தார் என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் மெட்டோ, எட்டோ, புரோட்டோ, ஐசோ எல்லாமே வாலை இழந்த பிறகு அதே மூலக்கூறாகத்தான் ஆகின்றன. எந்த நைட்டசீன் என்ற அடையாளமே அந்த வாலில்தான் இருக்கிறது. 5-அமினோவுக்கு வீரியம் மிகக் குறைவு, ஆனால் ரத்தத்தில் அது கிடைக்கிறது, வாலும் அப்படியே இருக்கிறது, அதனால் அடையாளம் சொல்ல நல்ல சாட்சி. என்-டெஸ்எத்தில் கதை தனி, அதைப் பிறகு எழுதுகிறேன், ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

சட்டம்_சரவணன்:

ராணி அக்கா, ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. கிட் ஏமாறலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடிக்கணக்கில் விலை வைத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்குகிறார்களே, அதற்குள் ரத்தம் போனால் இருப்பதெல்லாம் தெரிந்துதானே ஆக வேண்டும்? கோர்ட்டில் 'விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இல்லை, இருந்திருக்கலாம் ஆனால் தெரியவில்லை என்று நிபுணர் இழுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா?

எல்சி_ராணி:

> அதற்குள் ரத்தம் போனால் இருப்பதெல்லாம் தெரிந்துதானே ஆக வேண்டும்?

இல்லை சரவணன், இங்கேதான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். தினசரி ஓடும் டிரிப்பிள் குவாட் இயந்திரத்தில், இந்த எடையுள்ள அயனி உடைந்து இந்தத் துண்டு வருகிறதா என்று நாம் எழுதிக்கொடுத்த ஜோடிகளை மட்டும்தான் அது பார்க்கும். ஐசோடோனைட்டசீன் என்றால் 411 உடைந்து 100, 411 உடைந்து 72. பட்டியலில் இந்த ஜோடி இல்லையென்றால் ரத்தத்தில் அது இருந்தாலும் திரையில் நேர்க்கோடுதான். இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் கேட்கவில்லை, அது சொல்லவில்லை.

பட்டியலில் இருந்தால் மட்டும் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஐசோடோனைட்டசீனும் புரோட்டோனைட்டசீனும் ஐசோமர்கள், ஒரே எடை, துண்டுகளும் ஒரே 100, 72, 44. இயந்திரத்தில் வெளிவரும் நேரத்தைச் சரியாக வைத்துப் பிரிக்காவிட்டால் இரண்டும் திரையில் ஒரே மேடாக வந்து நிற்கும். பிரித்தாலும் எந்த மேடு எது என்று சொல்ல இரண்டின் சுத்தமான ஸ்டாண்டர்டும் (ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரி) கையில் வேண்டும், புது மருந்து வந்த முதல் சில மாதங்களில் ஸ்டாண்டர்டே விற்பனைக்கு இருக்காது. எடையைப் பார்த்து மட்டும் பெயர் எழுதும் ஆளை நான் நம்பமாட்டேன், அது எடையைத் துல்லியமாக அளக்கும் எவ்வளவு விலை உயர்ந்த க்யூ-டாஃப் இயந்திரமாக இருந்தாலும் சரி.

ஜிசி-எம்எஸ் (மாதிரியை வாயுவாக்கிப் பிரிக்கும் பழைய வகை இயந்திரம்) மட்டும் வைத்திருக்கும் லேப்களுக்கு இன்னும் கஷ்டம். அதில் நைட்டசீனை உடைத்தால் மொத்த சிக்னலும் 86 என்ற ஒற்றைத் துண்டில் போய்க் குவிகிறது, முழு மூலக்கூறின் எடை தெரிவதேயில்லை. அந்த 86-ஐ யார் யாரெல்லாம் தருகிறார்கள் தெரியுமா? லிடோகைன் தருகிறது. மெட்டோகுளோபிரமைட் தருகிறது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றப் பார்த்து இறந்துபோன ஒருவரின் ரத்தத்தில் லிடோகைன் இருப்பதில் ஆச்சரியமே கிடையாது. குட்டியாக ஒரு 86 தெரிந்தால் களைத்துப்போன அனலிஸ்ட் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அளவையும் மறக்காதீர்கள். ஐசோடோனைட்டசீன் பற்றி அமெரிக்காவில் 2020-இல் வந்த ஆய்வில் 18 மரணங்களின் ரத்தத்தில் சராசரி ஒரு மில்லிலிட்டருக்கு 2.2 நானோகிராம், குறைந்தபட்சம் 0.4. மார்பின் மரணங்களில் நூற்றுக்கணக்கில் வரும். பொதுவான சல்லடைச் சோதனைகள் பலவற்றின் எல்லைக்குக் கீழேதான் இந்த ஆள் நடமாடுகிறார்.

அதனால் ஒழுங்கான ரிப்போர்ட்டில் எந்தெந்தப் பொருளை எந்த அளவு வரைக்கும் தேடினோம் என்று எழுதியிருக்கும். உங்கள் வக்கீல் நண்பர்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

டாக்டர்_பூங்குழலி:

நான் தமிழ்நாட்டில் ஃபாரன்சிக் மெடிசின் முதுநிலை படிக்கிறேன். ராணி மேடம் லேபுக்குள் நடப்பதைச் சொன்னார், லேபுக்குப் போவதற்கு முன்னாடியே பாதி ஆட்டம் முடிந்துவிடும் என்பதை நான் சொல்கிறேன்.

நைட்ரோ குழு பற்றிச் சொன்னீர்களே, அது உயிரோடு இருக்கும்போது மட்டும் மாறுவதில்லை. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த குளோனசிபமை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் நைட்ரோ வகைதான். இறந்த பிறகு குடல் பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் வந்துவிட்டால், சூடான இடத்தில் சில மணி நேரத்திலேயே அதை 7-அமினோவாக மாற்றிவிடும். அதனால் குளோனசிபம் இல்லை, 7-அமினோ மட்டும் இருக்கிறது என்று வந்தால், ரொம்ப நேரம் முன்னாடி சாப்பிட்டு உடம்பே ஜீரணித்துவிட்டது என்று எழுதக் கூடாது. நைட்டசீனின் 5-அமினோவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். மே மாதம் ரெண்டு நாள் பூட்டிய அறையில் கிடந்த உடம்பென்றால் தாய்ப்பொருளை, அதாவது மாறாத மூல மருந்தை, தேடுவதை விட அமினோவைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அடுத்தது ரத்தம் எங்கே எடுத்தது என்பது. இதயத்திலிருந்து எடுத்தால் ஃபென்டனில் மாதிரி கொழுப்பில் கரையும் மருந்துகள் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் கசிந்து வந்து அளவைக் கூட்டிக் காட்டும். தொடைச் சிரையில் எடுத்து, கெடாமல் இருக்க சோடியம் ஃபுளூரைடு போட்டு, குளிரில் வைக்க வேண்டும். நம்மிடம் பழக்கம் என்னவென்றால் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகத் துண்டுகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவது. பூச்சி மருந்துக்கும் அரளி விதைக்கும் அது போதும், பல தலைமுறையாக அப்படித்தான் ஓடியிருக்கிறது, சென்னையில் 1849-இலேயே கெமிக்கல் எக்ஸாமினர் ஆபீஸ் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். நானோகிராம் கணக்கில் இருக்கும் பொருளை உப்புத் தண்ணீரில் ஊறிய ஈரலில் தேடு என்றால் எந்த லேபாக இருந்தாலும் முழிக்கத்தான் செய்யும்.

பயந்தாங்கொள்ளி_99:

இதெல்லாம் எத்தனை மில்லிகிராம் எடுத்தால் ஆள் காலி?

நெறியாளர்:

டோஸ் கேட்கும் பதிவுகள் இங்கே வேண்டாம், இதற்கு வரும் பதில்களையும் நீக்குவேன். மனசு சரியில்லாமல் கேட்டிருந்தால் தமிழ்நாட்டில் 104-க்குக் கூப்பிடுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள். மற்றவர்கள் தொடரலாம்.

மருந்துக்கடை_கார்த்தி:

பூங்குழலி மேடம் சொன்னதும் ராணி அக்கா சொன்னதும் சேர்ந்து இன்னும் குழப்புகிறது. சிறுநீரில் மெட்டபொலைட் (உடம்பு மருந்தை மாற்றி உருவாக்கும் பொருள்) இருந்தால் மருந்து உடம்புக்குள் போய் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம், இதுதானே நாங்கள் காலேஜில் படித்தது? ஃபென்டனிலுக்கு நார்ஃபென்டனில், ஹெராயினுக்கு 6-மோனோஅசிட்டைல்மார்பின். அதை நம்ப முடியாது என்றால் எதைத்தான் நம்புவது?

எல்சி_ராணி:

நம்பலாம், எதற்காக நம்புகிறோம் என்று தெரிந்து நம்ப வேண்டும்.

நம்பி வென்ற கதையை முதலில் சொல்கிறேன். 2002 அக்டோபரில் மாஸ்கோ டுப்ரோவ்கா தியேட்டரில் பிணைக்கைதிகளை மீட்க ஒரு வாயுவை உள்ளே விட்டார்கள், நூற்றுக்கும் மேல் பிணைக்கைதிகள் இறந்தார்கள். ஃபென்டனில் சார்ந்தது என்பதற்கு மேல் ரஷ்ய அரசு வாயைத் திறக்கவில்லை. தப்பிய பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு பேரின் துணியையும் மூன்றாமவர் ஊர் திரும்பிய பிறகு எடுத்த சிறுநீரையும் பிரிட்டிஷ் ராணுவ ஆராய்ச்சி மையமான போர்ட்டன் டவுன் லேபில் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். துணியில் கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும், சிறுநீரில் நார்கார்ஃபென்டனில். துணியில் இருப்பது அறையில் இருந்ததைக் காட்டும், ஆள் அதைச் சுவாசித்தார் என்று காட்டியது அந்த மெட்டபொலைட்தான்.

இப்போது எதிர்ப்பக்கம். தினமும் ஃபென்டனில் எடுத்துப் பழகியவர்களை நிறுத்தவைத்துச் சிறுநீரைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வில் நார்ஃபென்டனில் சராசரியாக 13 நாள் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் பிணத்தின் சிறுநீரில் நார்ஃபென்டனில் மட்டும் இருந்தால் அது சாவுக்குக் காரணமா, போன வாரத்து மிச்சமா? ரத்தத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 4-ஏஎன்பிபி என்று ஒன்று உண்டு, அது ஃபென்டனில் தயாரிப்பில் மிஞ்சும் மூலப்பொருளும்தான், உடம்பில் உருவாகும் மெட்டபொலைட்டும்தான், பல ஃபென்டனில் வகைகளுக்கும் பொதுவானதும்தான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பெயரையும் எழுத முடியாது.

அப்புறம் நான் பாக்கி வைத்த என்-டெஸ்எத்தில் ஐசோடோனைட்டசீன். முதலில் அதை ஐசோடோனைட்டசீனின் மெட்டபொலைட் என்றுதான் அடையாளம் கண்டோம். ரிசப்டர் சோதனையில் அது தாய்ப்பொருளுக்குச் சளைத்ததில்லை, கூடுதல் வீரியம் என்றே சொல்லலாம். கட்டுரை வெளிவந்தது, நாங்கள் மட்டுமா படிக்கிறோம்? கொஞ்ச காலத்தில் அதையே தனிப் பொடியாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ரத்தத்தில் என்-டெஸ்எத்தில் மட்டும் இருந்து ஐசோடோனைட்டசீனும் அதன் 5-அமினோவும் சுத்தமாக இல்லையென்றால், எடுத்ததே என்-டெஸ்எத்தில்தான் என்று பக்கத்தில் வரலாம். இரண்டும் இருந்தால் வந்த வழி எது என்று பிரிப்பது தலைவலி.

மருந்துக்கடை_கார்த்தி:

அட, இது டிரமடால் என்ற வலி மருந்தின் கதை மாதிரி இருக்கிறதே. ஸ்வீடனில் 2010 வாக்கில் கிரிப்டன் என்ற பெயரில் கிராட்டம் என்ற மூலிகையின் பொடி விற்று ஒன்பது பேர் இறந்தார்களே, அதில் கலந்திருந்தது டிரமடால் இல்லை, கல்லீரலில் சிவைபி2டி6 நொதி டிரமடாலிலிருந்து உண்டாக்கும் ஓ-டெஸ்மெத்தில்டிரமடால். டிரமடாலே இல்லாமல் மெட்டபொலைட் மட்டும் ரத்தத்தில் இருந்ததால்தான் பிடிபட்டது. பார்மகாலஜி வகுப்பில் சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் உறைக்கிறது.

எல்சி_ராணி:

அதேதான். எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான கேஸ் அது.

சட்டம்_சரவணன்:

சரி அக்கா, பட்டியலில் இல்லாததைப் பார்க்க முடியாது, ஸ்டாண்டர்ட் இல்லாமல் பெயர் சொல்ல முடியாது, மெட்டபொலைட்டும் இரண்டு நாக்கு பேசும். அப்படியானால் முற்றிலும் புதிதாக ஒன்று வந்தால் முதல் ஆளை எப்படிப் பிடிக்கிறீர்கள்? முதல் பத்துப் பேர் இயற்கை மரணக் கணக்கில்தான் போவார்களா?

எல்சி_ராணி:

சில பேர் போயிருப்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வழி இல்லாமல் இல்லை.

ஒன்று, பட்டியல் கொடுக்காமல் வருவதையெல்லாம் பதிவு செய்யும் ஹை-ரெசல்யூஷன் முறை. இதில் எனக்குப் பிடித்ததே, ஃபைல் அழியாமல் இருப்பதுதான். ஆறு மாதம் கழித்து ஒரு புதுப் பெயர் தெரியவந்தால் பழைய கேஸ்களின் ஃபைலைத் திறந்து அந்த எடையைத் தேடலாம், ரத்தம் காலியாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை. ஹைரெஸ்-என்பிஎஸ் என்று உலகம் முழுக்க லேப்கள் சேர்ந்து துண்டு எடைகளைப் போட்டுவைக்கும் பொதுத் தரவுத்தளம் இருக்கிறது, ஸ்டாண்டர்ட் வருவதற்கு முன்னாலேயே துப்பு அங்கேதான் கிடைக்கும். மெட்டபொலைட்டை முன்கூட்டித் தெரிந்துகொள்ள மனிதக் கல்லீரல் செல்களோடு மருந்தைக் கலந்து வைத்து என்னென்ன உருவாகிறது என்று பார்ப்பார்கள், பிறகு உண்மையான கேஸ்களின் சிறுநீரில் அவை வருகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். செல்லில் பெரிதாகத் தெரிந்த ஒன்று சிறுநீரில் காணாமல் போவது சகஜம், அதனால் இரண்டாவது பாதியைச் செய்யாத கட்டுரையை வைத்துப் பட்டியல் போடக் கூடாது.

சில மருந்துகள் தானாகவே மாட்டிக்கொள்ளும். புரோர்ஃபின் என்று ஒன்று வந்தது, நைட்டசீன் இல்லை, வேறு குடும்பம். அதில் புரோமின் அணு இருக்கிறது. புரோமினுக்கு இரண்டு ஐசோடோப்புகள் ஏறக்குறைய சரிபாதி, அதனால் 400-இலும் 402-இலும் ஒரே உயரத்தில் இரட்டைக் கோடு நிற்கும். மனித ரத்தத்தில் புரோமின் உள்ள மருந்து அபூர்வம் என்பதால் அந்த இரட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவோம்.

இன்னொரு வழி பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வளர்த்தது. மியூ ஓபியாய்டு ரிசப்டர் உள்ள செல்களை வளர்த்து, ரத்தச் சாற்றை விட்டால், ரிசப்டர் தூண்டப்பட்டதும் ஒளிரும். பெயர் தெரியாத ஓபியாய்டும் ஒளிரவைக்கும். கார்த்தி முதல் பதிவில் கேட்டாரே, ரிசப்டருக்குத் தெரிவது கிட்டுக்கு ஏன் தெரியவில்லை என்று, ரிசப்டரையே கிட்டாக மாற்றியதுதான் இது.

சட்டம்_சரவணன்:

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 'ஏதோ ஒரு ஓபியாய்டு இருந்தது' என்பதை வைத்துக் கோர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பொருள் என்று பெயர் வேண்டும், அது சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்சி_ராணி:

கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லையே. எந்த ரத்தத்தின் மேல் மூன்று நாள் செலவழிக்கலாம் என்று எனக்குச் சொன்னால் போதும். அதற்கும் ஓட்டை உண்டு, ஆம்புலன்சில் நலோக்சோன் கொடுத்திருந்தால் அது ரிசப்டரை அடைத்துக்கொண்டு ஒளியைக் குறைத்துவிடும்.

டாக்டர்_பூங்குழலி:

மேடம், நம் ஊர்ப்பக்கம் நைட்டசீனை விட அவசரமான ஒன்று கேட்கிறேன். டேபென்டடால் என்ற வலி மாத்திரையை ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பையன்களின் செய்தி சென்னையிலும் கோவையிலும் வந்துகொண்டே இருக்கிறது. டிரமடாலை 2018-இல் என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு இது கூடியதாகச் சொல்கிறார்கள். சிறுநீரில் தேடும்போது தாய்ப்பொருளே மிகக் குறைவாக வருகிறதே?

எல்சி_ராணி:

வரத்தான் செய்யும். டேபென்டடால் கல்லீரலின் சிவைபி நொதிகளை அதிகம் நம்புவதில்லை, கல்லீரல் நேராக அதன் மேல் சர்க்கரை போன்ற குளூகுரோனைடை ஒட்டி வெளியே அனுப்பிவிடும். கொடுத்ததில் மாறாமல் சிறுநீரில் வருவது 3 சதவீதம் போலத்தான், குளூகுரோனைடாக 55, சல்ஃபேட்டாக 15. பீட்டா-குளூகுரோனிடேஸ் நொதி போட்டு முதலில் ஒட்டியதைப் பிரியுங்கள், அப்புறம் பாருங்கள், மேடு எங்கேயோ போகும். அந்த நொதி சல்ஃபேட்டைத் தொடாது என்பதை அளவு சொல்லும்போது நினைவில் வையுங்கள். வாலை இழந்த ஹைட்ராக்ஸி நைட்டசீன்களுக்கும் இதே வைத்தியம்தான்.

சட்டம்_சரவணன்:

கடைசியாக ஒன்று. போலீஸ் தரப்பிலும் டாக்டர் தரப்பிலும் லேபுக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன எழுதினால் இந்த வேலை சுலபமாகும்?

டாக்டர்_பூங்குழலி:

'விஷம் உள்ளதா எனப் பார்க்கவும்' என்று ஒற்றை வரி எழுதாமல் இருந்தாலே பெரிய உதவி சார். சம்பவ இடத்தில் ஊசி இருந்ததா, கருகிய ஃபாயில் இருந்ததா, மாத்திரை அட்டையில் என்ன பெயர், நலோக்சோன் கொடுத்தார்களா, கடைசியாக எப்போது உயிரோடு பார்த்தார்கள் என்று எழுதுங்கள். பொடியோ மாத்திரைத் துண்டோ கிடைத்தால் அதையும் தனியாக சீல் வைத்து அனுப்புங்கள், ரத்தத்தில் நானோகிராமில் தேடுவது பொடியில் மில்லிகிராமில் கிடைக்கும், பெயரை அங்கே பிடித்துவிட்டால் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று லேபுக்குத் தெரிந்துவிடும். தொடை ரத்தத்தையும் சிறுநீரையும் விசராவோடு சேர்க்காமல் தனித்தனிப் பாட்டிலில், எந்த இடத்தில் எடுத்தது என்று லேபிள் ஒட்டி. சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் கண்ணில் உள்ள விட்ரியஸ் திரவத்தை எடுங்கள், அதற்கு ஒரு சிரிஞ்ச் போதும்.

எல்சி_ராணி:

அந்தக் கடைசிப் பாட்டிலில் ஃபுளூரைடு போட்டதா இல்லையா என்றும் எழுதிவிடுங்கள் பூங்குழலி, எழுதாமல் வந்த பாட்டில்களோடு நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.